மடக்குத் துப்பாக்கியில் குழல் ஆட்டம்: அதனை அறியும் முறையும் செய்யத்தக்கதும்

குடியானவர் வீட்டில் ஏர், மண்வெட்டி, அரிவாள், இறைவைச் சாமான் முதலியவை பழுதுபட்டால் வேலை தாமதப்படும், அவ்வளவே. துப்பாக்கி பழுதுபட்டாலோ, அதனை வைத்திருப்பவரின் கண்ணும் கையும் போகக்கூடும். இவ்வாறிருந்தும், கலப்பையின் கொழு தேய்ந்ததை ஒரு பார்வையில் சொல்லிவிடும் குடியானவர்களிற் பலர், பரம்பரையாக வீட்டிலிருக்கும் துப்பாக்கியின் குழல் தளர்ந்திருப்பதை அறியாமலே ஆண்டுக்கணக்காக அதனை உபயோகித்து வருகின்றனர். அகஸ்தீஸ்வரம் தாலுகாவைச் சேர்ந்த அஞ்சுகிராமம் போன்ற கடலோரத்தை அடுத்த ஊர்களில் இவ்விஷயத்தில் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். உப்பங்காற்று இரும்பை அரிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் பெருங்காற்று நுண்மணலைக் கொண்டுவந்து, எண்ணெய் பூசிய இடங்களிலெல்லாம் ஒட்டவைக்கும். எண்ணெயும் மணலும் கலந்தால் அது சாணைக்கல்லின் வேலையைச் செய்யும் என்பது யாவரும் அறிந்ததே.

இப்பாடத்தில், நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போடும் துப்பாக்கியில் குழல் எவ்வாறு தளர்கிறது, எந்தத் தளர்ச்சி எந்த உறுப்பின் தேய்வைக் காட்டுகிறது, அதன்மேல் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பவை முறையே கூறப்படும்.

1. உறுப்புகளும் அவற்றின் வேலையும்

வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் குழல் பின்புறம் அடைபட்டிருக்கும். ஆகவே அதில் குழல் ஆட்டம் என்னும் கேள்வி எழுவதில்லை. பிரான்ஸ் தேசத்து லெஃபோஷே என்பவர் 1830-க்குப் பிந்திய ஆண்டுகளில், குழலைக் கீலின்மேல் மடக்கிப் பின்புறமாகத் தோட்டா இடும் துப்பாக்கியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் இங்கிலாந்தில் பர்டி என்பவர் 1863-இல் குழலின் அடியில் இரு இடங்களில் பிடிக்கும் தாழுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1875-இல் ஆன்சன், டீலி என்னும் இருவர், குதிரை வெளியே தெரியாத எளிய அமைப்பை உண்டாக்கினர். இந்நாளில் நம் நாட்டுக் குடியானவர் வீடுகளில் உள்ள ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை இவ்வமைப்புகளின் வழிவந்தவையே.

குழலின் பின்பகுதியில், அடிப்புறத்தில், இரும்பு முண்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். முன் முண்டின் முகப்பில் அரைவட்டமான கொக்கி வளைவு உண்டு. துப்பாக்கியின் உடற்பகுதியில் குறுக்கே செல்லும் கீலாணியை அவ்வளைவு தழுவி நிற்கும். முண்டுகள் உடற்பகுதியில் வெட்டப்பட்ட பள்ளத்துள் இறங்கும். மூடியபின், முண்டின் காடிகளுள் தாழ் நுழைந்து குழலை மேலெழாமல் பிடிக்கும். மேலேயுள்ள திறப்புப் பிடியை வலப்புறம் தள்ளினால் தாழ் பின்வாங்கிக் குழல் திறக்கும். குழலின் பின்வாய்க்கு எதிரே செங்குத்தாக நிற்கும் இரும்பு முகத்தைப் பின்சுவர் எனலாம். குழலின் கீழ் இடக்கையால் பிடிக்கும் மரத்துண்டு முன்கட்டை. அதிலுள்ள இரும்பு, கொக்கி வளைவைக் கீலாணியோடு ஒட்டி நிறுத்துவதற்கு உதவும்.

இவ்வுறுப்புகள் தாங்கும் பாரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 12 நம்பர் துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் கணத்தில் உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10,000 ராத்தல். தோட்டாவின் அடி ஏறக்குறைய 0.8 அங்குல விட்டமுடையது. அதன் பரப்பு அரைச் சதுர அங்குலம். ஆகவே பின்சுவரின்மேல் விழும் தாக்குதல் சுமார் 5,000 ராத்தல், அதாவது 2 டன்னுக்கு மேல். பின்சுவர் பின்னோக்கித் தள்ளப்பட, குழல் முன்னோக்கி இழுக்கப்படும். அவ்விழுப்பைத் தாங்குவது விரற்கடை அகலமுள்ள கீலாணி ஒன்றே. பாரம் ஒரு கணமே நிற்பதாயினும், தளர்ந்த இணைப்பில் அது சம்மட்டி அடியாக விழும். இறுகிய இணைப்பு தள்ளப்படுகிறது; தளர்ந்த இணைப்பு அடிக்கப்படுகிறது. இதனாலேயே சிறு ஆட்டம் தானே பேராட்டமாக வளர்கின்றது.

2. பரிசோதனைக்கு முன் செய்ய வேண்டுபவை

(அ) துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் அறிக. நேற்றே எடுத்துவிட்டோம் என்ற ஞாபகத்தை நம்பலாகாது. பரிசோதிக்கும் அறையில் தோட்டாப் பெட்டி இருத்தலே கூடாது. குழந்தைகளும் அங்கிருத்தல் கூடாது. குழல் வாய் எப்பொழுதும் வெறும் சுவரை நோக்கியிருக்கட்டும்.

(ஆ) முன்கட்டையையும் குழலையும் கழற்றி, கொக்கி வளைவு, கீலாணி, பள்ளம், காடிகள், பின்சுவர், தோட்டா இழுப்பானின் அடி ஆகிய எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து உலர்த்துக. இதனைச் செய்யாமல் செய்யும் பரிசோதனை வீணே. ஏனெனில், தடித்த கிரீசு ஆட்டத்தை மறைக்கும். இழுப்பானின் அடியில் இறுகிய அழுக்கோ, குழலை முழுதும் படியவிடாமல் இல்லாத ஆட்டத்தை உண்டுபண்ணிக் காட்டும். பழைய துப்பாக்கியை விற்பவர் சிலர், கொக்கி வளைவில் மெல்லிய தகரத் துண்டைச் செருகிக் கிரீசு அடைத்து விற்பதுண்டு. துடைத்தால் அந்தத் தந்திரம் வெளிப்படும்.

(இ) வெறும் துப்பாக்கியின் விசையை அழுத்திக் குதிரையை விழவிடுதல் கூடாது. இப்பரிசோதனைகளில் எதற்கும் அது தேவையில்லை.

3. மூன்று திசைகளும் மூன்று காரணங்களும்

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. முன்கட்டையை மாட்டாமல் குழலை மட்டும் உடற்பகுதியில் பொருத்தி மூடுக. முன்கட்டை இருந்தால் அது குழலைப் பின்தள்ளி நிறுத்திக் குறையை மறைத்துவிடும். திறப்புப் பிடியைத் தொடாமல், பின்கட்டையை வலது அக்குளில் இறுக்கிக்கொண்டு, இடக்கையால் குழலின் நடுப்பகுதியைப் பிடித்து, கீழ்க்கண்ட மூன்று விதமாக அசைத்துப் பார்க்க வேண்டும். முன்கட்டை இல்லாத நிலையில் திறந்தால் குழல் கழன்று விழுமாதலால் மெத்தை அல்லது சாக்கின்மேல் வைத்துச் செய்வது உத்தமம்.

முதலாவது, மேலும் கீழும். குழல் மேலெழுந்து அமர்ந்தால், அதனைக் கீழே பிடிக்கும் தாழும் முண்டின் காடிகளும் தேய்ந்தன என்று அறிக.

இரண்டாவது, வலமும் இடமும். குழல் பக்கவாட்டில் அசைந்தால், முண்டின் பக்கங்களோ அவை இறங்கும் பள்ளத்தின் சுவர்களோ தேய்ந்தன. துருவும் மணலும் பெரும்பாலும் இதற்குக் காரணமாம்.

மூன்றாவது, முன்னும் பின்னும். குழலை முன்னோக்கி இழுத்தால் பின்சுவரைவிட்டு விலகி, தள்ளினால் மீண்டும் ஒட்டினால், கீலாணியோ கொக்கி வளைவோ தேய்ந்தது. இம்மூன்றனுள் மிக்க அபாயமுடையது இதுவே. மேற்கூறிய 2 டன் பாரத்தைத் தாங்கும் உறுப்பு இதுவாதலின், இவ்வித ஆட்டமுள்ள துப்பாக்கியை ஒருமுறையேனும் வெடித்தலாகாது.

மூன்று திசையிலும் குழல் அசையாமல் நின்று, முன்கட்டையை மாட்டியபின் மட்டும் சலசலப்புக் கேட்டால், தளர்ந்தது குழலன்று. முன்கட்டையின் பிடிப்பானோ, மரம் சுருங்கியதால் தளர்ந்த திருகாணியோ ஆகும். இது சிறு குறை. கோடையில் உலர்ந்து சுருங்கியும் மழையில் உப்பியும் மாறும் மரத்தில் இது சாதாரணமாய் நேர்வதே. ஆயினும் முன்கட்டை பிடிப்புவிட்டால் மடக்கும் சமயம் குழல் கழன்று விழக்கூடுமாதலால் இதனையும் திருத்துவித்தல் வேண்டும்.

4. உறுதிப்படுத்தும் பரிசோதனைகள்

கை உணர்ச்சியை மட்டும் நம்பாது, பின்வரும் பரிசோதனைகளால் முடிவை உறுதி செய்தல் வேண்டும்.

வெளிச்சப் பரிசோதனை: குழலை மூடி முன்னோக்கி இழுத்துப் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, குழலின் பின்வாய்க்கும் பின்சுவருக்கும் இடையே பக்கவாட்டில் நோக்குக. ஒளிக்கீற்றுத் தெரிந்தால் இடைவெளி உண்டு. மேலே மட்டும் தெரிகிறதா, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் தெரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்க. பழுது பார்ப்பவருக்கு அக்குறிப்பு உதவும்.

தாள் பரிசோதனை: பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிப்புடையது. விரல் அகலக் கீற்று ஒன்றை வெட்டிப் பின்சுவரின்மேல் வைத்து, குழலை மெதுவாக மூடி, முன்னோக்கி இழுத்துப் பிடித்தபடியே கீற்றை உருவுக. நல்ல துப்பாக்கி கீற்றை இறுகப் பிடிக்கும். அல்லது கீற்றோடு மூடவே மறுக்கும். கீற்று தாராளமாக உருவி வந்தால் இடைவெளி தாளின் தடிப்பினும் மிக்கது. அத்துப்பாக்கியை ஒதுக்கிவைக்க வேண்டியதே. மோட்டார் பட்டறைகளில் உள்ள பீலர் கேஜ் என்னும் தகட்டளவியால் இடைவெளியை இன்னும் நுட்பமாக அளக்கலாம்.

புகைக்கரிப் பரிசோதனை: எண்ணெய் விளக்கின் புகைக்கரியைப் பின்சுவரில் மெல்லப் பூசி, குழலை ஒருமுறை மூடித் திறக்க. குழலின் பின்வாய் முழுவதும் கரி சமமாகப் பற்றியிருந்தால் படிவு செம்மையானது. ஓரத்தில் மட்டும் பற்றியிருந்தால் மற்றப் பகுதி ஒட்டவில்லை என்க. முடிவில் கரியைத் துடைத்துவிடுதல் அவசியம்.

திறப்புப் பிடியின் நிலை: புதுத் துப்பாக்கியில், மூடிய நிலையில் திறப்புப் பிடி நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும்படி அமைப்பார்கள். தாழ் தேயத் தேயக் காடியுள் அதிக ஆழம் நுழைவதால் பிடி இடப்புறம் நகர்ந்துகொண்டே வரும். நடுக்கோட்டைத் தாண்டி இடப்புறம் நிற்கும் பிடி, நெடுநாள் உழைத்த தாழின் சாட்சியாகும்.

வெடித்த தோட்டாவின் சாட்சி: முன்பு வெடித்த வெற்றுத் தோட்டாக்கள் வீட்டில் இருந்தால் அவற்றின் அடியைப் பார்க்க. நடுவிலுள்ள கேப்பு பின்னோக்கிப் பிதுங்கியிருத்தல், பித்தளை விளிம்பு உப்பியிருத்தல், கேப்பைச் சுற்றிப் புகைக்கறை படிந்திருத்தல் ஆகியவை, தோட்டாவின் அடிக்குப் பின்சுவர் சரியாகத் தாங்கல் கொடுக்கவில்லை என்பதற்கு அடையாளங்கள். இவ்வடையாளங்களைப் பார்ப்பதற்காகவென்று சந்தேகமான துப்பாக்கியைப் புதிதாக வெடித்துப் பார்த்தல் பெருந்தவறு.

ஒலிப் பரிசோதனை: இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருக்கும். கழற்றிய குழல்களை முண்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டுக. வெண்கல மணி போல் நீண்டு ஒலித்தால் பற்று நன்று. உடைந்த பானை போல் சடசடத்தால் பற்று விட்டது. பட்டையின் அடியில் ஈரம் புகுந்து துரு உண்டாகியிருக்கும். இது குழல் ஆட்டத்தைச் சேர்ந்ததன்று. எனினும் திருத்துவதா, விலக்குவதா என்று தீர்மானிக்கும்போது இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. ஓர் உதாரணம்

அஞ்சுகிராமத்துக் குடியானவர் ஒருவர், முறைப்படி லைசென்சு பெற்று, பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். விற்பவர் துப்பாக்கியை மூடி ஆட்டிக் காட்டுகிறார். யாதொரு சத்தமும் இல்லை. வாங்குபவர் முன்கட்டையைக் கழற்றித் துடைத்தபின் மீண்டும் ஆட்டுகிறார். மேல்கீழாக அசைவில்லை, பக்கவாட்டில் அசைவில்லை, முன்னே இழுத்தால் மட்டும் ‘டக்’கென்று ஓர் ஒலி எழுகின்றது. தாள் கீற்று தடையின்றி உருவி வருகின்றது. திறப்புப் பிடியோ நடுக்கோட்டுக்கு வலப்புறமே நிற்கின்றது.

இவற்றினின்று அவர் அறிவது யாது? தாழ் நன்றாயிருக்கிறது, முண்டும் பள்ளமும் நன்றாயிருக்கின்றன, கீலாணியோ கொக்கி வளைவோ தேய்ந்துள்ளது. முன்கட்டை குழலைப் பின்தள்ளிக்கொண்டிருந்தமையால் குறை மறைந்திருந்தது. இனி அவர் செய்ய வேண்டுவது, விலையைக் குறைத்துக் கேட்பதன்று. லைசென்சு பெற்ற பழுதுபார்ப்பவர் அதனைச் சோதித்து, திருத்தத்தக்கது எனக் கூறி, செலவையும் சொல்லும்வரை வாங்காதிருத்தலே. துப்பாக்கியின் விலையோடு திருத்தக் கூலியையும் கூட்டிப் பார்க்கையில், நல்ல நிலையிலுள்ள வேறொன்று அதே தொகைக்குக் கிடைப்பதுண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனை இவ்வித வாங்குதலுக்குத் திருப்புதல் சற்றும் தகாது. கடன் விதைக்கும் உரத்துக்கும் உரியது.

6. ஆட்டம் உண்டாவது ஏன்?

தேய்வு முற்றும் வயதினால் வருவதன்று. பெரும்பகுதி பழக்கத்தினால் வருவது. திரைப்படங்களில் காண்பது போல் ஒரு கையால் உதறிக் குழலைப் ‘பட்’டென்று மூடுதல் முதற்காரணம். திறக்கும்போது குழலைத் தன் பாரத்தால் தொங்கி அடிபட விடுதல் இரண்டாவது. கீலாணிக்குக் கிரீசு இடாதிருத்தல் மூன்றாவது. இட்ட கிரீசை மாதக்கணக்கில் மாற்றாமல் மணல் சேரவிடுதல் அதனினும் கேடு. துப்பாக்கிக்கு ஏலாத தோட்டாவை இடுதல் நான்காவது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 2½ அங்குல நீளமே உடையது. தற்காலத் தோட்டாக்களிற் பெரும்பான்மையும் 2¾ அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டாவைக் குறுகிய அறையில் வெடித்தால் அழுத்தம் மிகும். நீளத்தின் அளவும், சோதனைச்சாலை முத்திரையும் குழலின் அடித்தட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது; பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் ஏற்பட்டது. இவற்றின் முத்திரைகள் அத்துப்பாக்கி வெளிவந்தபோது பலம் பார்க்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. இன்றும் பலமாயிருக்கிறது என்பதற்கு அன்று.

7. திருத்துதல்: செய்யத்தக்கதும் தகாததும்

கைதேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி, தேய்ந்த கீலாணியை எடுத்துச் சற்றே பருமனான புது ஆணியைப் பொருத்துவார். அல்லது கொக்கி வளைவில் புது இரும்பு சேர்த்து, புகைக்கரி பூசிப் பூசி, படியும்வரை அரத்தால் இழைப்பார். தாழ் தேய்ந்திருந்தால் புதுத் தாழ் செய்து பொருத்துவார். இவ்வேலைகள் மயிரிழை அளவில் செய்யப்படுபவை.

செய்யத்தகாதவை வருமாறு: கொக்கி வளைவில் தகரத்துண்டு, தாள், நூல் முதலியவற்றைச் செருகுதல், ஈயப்பற்று வைத்தல், முண்டைச் சுத்தியலால் தட்டி நசுக்கிப் பருக்கச் செய்தல், பின்சுவரை அரத்தால் இழைத்தல். முதல் மூன்றும் சில வெடிகளுக்குள் பழைய ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவரும். நான்காவது மீளாக் கேடு செய்யும்.

ஊர்க் கொல்லர் எத்துணைத் திறமையுடையவரானாலும் அவரிடம் இவ்வேலையைக் கொடுத்தல் சட்டத்துக்கு விரோதம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, உரிய லைசென்சு இன்றித் துப்பாக்கியைப் பழுதுபார்த்தல் குற்றமாகும். உதவி செய்த கொல்லரும் வழக்கில் சிக்குவார். ஆகவே லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலேயே, ரசீது பெற்று, ஒப்படைத்தல் வேண்டும்.

குழலின் உட்புறம் துருக்குழி விழுந்து, பட்டை தளர்ந்து, குழலும் ஆடுமாயின், அத்துப்பாக்கியைத் திருத்துவதில் பயனில்லை. அதனை வீட்டு மூலையில் வைத்திருப்பதும் ஆபத்தே. அறியாத ஒருவர் கையில் அது அகப்படக்கூடும். லைசென்சுதாரர் காலமாகி, வாரிசு தம் பெயருக்கு லைசென்சு பெறாத துப்பாக்கிக்கும் இதுவே பொருந்தும். சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதனைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தல் வேண்டும்.

8. துப்பாக்கியும் பயிர்க் காவலும்

பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி வைத்திருப்பவர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். ஆயுத லைசென்சு, விலங்குகளைச் சுடுவதற்கு அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுப்பன்றியும் மயிலும் பாதுகாக்கப்பட்டவை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகள் விஷயத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்படுத்திய முறையிலும், காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே அளிக்கப்பட்டது. ஆகவே நஞ்சில்லாத வேலி, விளக்கு, பறை, பல வயற்காரர் கூடிக் கூலி பகிர்ந்து வைக்கும் இராக்காவல் ஆகியவற்றையே குடியானவர் முதலில் நம்பவேண்டும். தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் கூட்டுக் காவல் எளிது. தலைக்கு விழும் செலவும் சொற்பம்.

9. பராமரிப்பின் சுருக்கம்

இரு கைகளாலும் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுக. மாதம் ஒருமுறையும், பெருங்காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறையும் கீலாணியைத் துடைத்து, அரிசி அளவு புதுக் கிரீசு இடுக. குழலின் உள்ளும் புறமும் மெல்லிய எண்ணெய் பூசுக. தோலுறையிலோ சாக்கிலோ சுற்றிவைத்தல் ஈரத்தைச் சேர்த்துத் துருவை வளர்க்கும்; உலர்ந்த பெட்டியில் பூட்டிவைத்து, தோட்டாவை வேறிடத்தில் பூட்டுக. ஆண்டுக்கு ஒருமுறை, முன்கட்டையைக் கழற்றி மூன்று திசைப் பரிசோதனையும் தாள் பரிசோதனையும் செய்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், தேய்வு எப்போது தொடங்கியது என்பது தானே விளங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. குழல் ஆட்டத்தைச் சோதிக்கையில் முன்கட்டையைக் கழற்றுவது ஏன்?
2. மேல்கீழ் ஆட்டம், பக்கவாட்டு ஆட்டம், முன்பின் ஆட்டம் ஆகியவை தனித்தனியே எந்த உறுப்பின் தேய்வைக் காட்டுகின்றன?
3. திறப்புப் பிடி நடுக்கோட்டைத் தாண்டி இடப்புறம் நிற்கின்றது; தாள் கீற்றோ இறுகப் பிடிபடுகின்றது. தேய்ந்த உறுப்பு எது?
4. துடைப்பதற்கு முன் இடைவெளி தெரிந்து, துடைத்தபின் மறைந்துவிட்டது. காரணம் யாதாயிருக்கலாம்?
5. ஊர்க் கொல்லரிடம் கீலாணியை மாற்றச் சொல்வது தகாது. சட்டக் காரணம் ஒன்றும் தொழிற் காரணம் ஒன்றும் கூறுக.